தண்டனையைக் கூட்டினால் குற்றம் குறையுமா?

ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை செய்தியில் வந்ததும் இரண்டு வாக்கியங்கள் காதில் விழும். "அவனைத் தூக்கில் போட வேண்டும்." "அப்போதுதான் அடுத்தவனுக்குப் பயம் வரும்." ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆனால் வேறு வேறு.

முதலாவது நியாயத்தைப் பற்றியது. செய்த குற்றத்துக்கு என்ன தகும் என்கிற கேள்வி அது. அதற்கு எந்த ஆய்வும் பதில் சொல்ல முடியாது. அறமும் சட்டமும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இரண்டாவது அப்படியல்ல. "பயம் வரும்" என்பது ஓர் ஊகம். அது பலிக்கிறதா இல்லையா என்று பார்க்க முடியும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

இங்கே பேசப்போவது இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி மட்டும்தான். கொடுமை செய்தவனுக்கு இரக்கம் காட்டச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவனுக்கு ஆயுள் தண்டனை தகும் என்று நினைத்துக்கொண்டே, அந்தத் தண்டனையால் அடுத்த குற்றம் நிற்குமா என்று சந்தேகப்படலாம். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

தேர்வு அறையில் தொடங்குவோம்

இரண்டு தேர்வு அறைகள். முதல் அறையில் விதி கடுமையானது: காப்பியடித்துப் பிடிபட்டால் மூன்று ஆண்டுகள் தேர்வெழுத முடியாது. ஆனால் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். இரண்டாவது அறையில் விதி லேசானது: பிடிபட்டால் அந்த ஒரு தாள் மட்டும் போகும். ஆனால் கண்காணிப்பாளர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிறார். எந்த அறையில் பிட்டு அதிகம் வெளியே வரும்? மாணவராக இருந்த யாருக்கும் இதற்கு விடை சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்டனைக்குப் பயந்து ஒருவர் குற்றம் செய்யாமல் விடுவதைக் குற்றவியலில் 'தடுப்பு விளைவு' என்கிறார்கள். அதை முடுக்கும் திருகுகள் மூன்று. ஒன்று உறுதி: செய்தால் பிடிபடுவோம் என்பது எவ்வளவு நிச்சயம். இரண்டு விரைவு: செய்ததற்கும் விளைவுக்கும் நடுவே எவ்வளவு காலம். மூன்று கடுமை: தண்டனை எவ்வளவு பெரியது. பொதுப்பேச்சில் நாம் ஓயாமல் திருகுவது மூன்றாவதை மட்டும்தான்.

1764-ல் மிலான் நகரத்து சேசரே பெக்காரியா இதை எழுதியபோது அவருக்கு வயது இருபத்தாறு. சித்திரவதையும் பொது இடத்தில் தூக்கும் சாதாரணமாக இருந்த காலம். தண்டனையின் கொடூரம் குற்றத்தைத் தடுப்பதில்லை, அது தப்பாமல் வந்து சேரும் என்பதே தடுக்கிறது என்பது அவருடைய வாதம். மிதமான தண்டனை நிச்சயமாக வரும் என்றால், தப்பிக்க வழியுள்ள பயங்கரத் தண்டனையைவிட அது மனதில் ஆழமாகப் பதியும் என்றார்.

அன்று அது ஒரு தத்துவவாதியின் யோசனை. பிற்பாடு எண்களோடு ஆராய்ந்தவர்களும் பெரும்பாலும் அதன் பக்கமே வந்து நின்றார்கள். அமெரிக்கக் குற்றவியலாளர் டேனியல் நாகின் 2013-ல் வெளியிட்ட மீளாய்வில் சொன்னது இது: பிடிபடுவோம் என்கிற உறுதி குற்றத்தைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது; ஏற்கெனவே நீளமாக இருக்கும் சிறைத் தண்டனையை மேலும் நீட்டுவது தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் மெலிது. பத்து ஆண்டு என்பதை இருபது ஆக்கினால் பயம் இரட்டிப்பாவதில்லை.

ஏன்? காரணங்கள் சாதாரணமானவை. எந்தக் குற்றத்துக்கு எத்தனை ஆண்டு என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. நீங்களே யோசித்துப் பாருங்கள், ஒருவரைத் தாக்கிக் காயப்படுத்தினால் சட்டப்படி எவ்வளவு தண்டனை? கோபத்திலும் போதையிலும் இருப்பவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. திட்டமிட்டுச் செய்பவனோ, மாட்டமாட்டோம் என்று நம்பித்தான் செய்கிறான். மாட்டமாட்டோம் என்று நம்புகிறவனுக்குத் தண்டனை எவ்வளவு பெரியதாக இருந்தால் என்ன?

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தடுப்பு விளைவுக்கு உறுதி, விரைவு, கடுமை என மூன்று பாகங்கள். மூன்றிலும் வலுவானது உறுதி. கடுமையைக் கூட்டுவது ஓர் அளவுக்குமேல் வேலை செய்வதில்லை.

கடுமை, உறுதியைத் தின்னும்போது

"சரி, கடுமையால் பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் என்ன? இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பதில், பழைய இங்கிலாந்தில் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை. ஒரு வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலும் தூக்கு. தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரிகளோ சாதாரணக் குடிமக்கள். ஒரு வெள்ளிக் கரண்டிக்காக ஓர் ஆளைக் கொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? திருடுபோன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பெழுதினார்கள். கண்முன்னே விலை உயர்ந்த பொருள் கிடந்தாலும் 39 ஷில்லிங்தான். அந்தக் காலச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் இதைப் 'பக்திப் பொய்' என்றார். ஜூரிகள் முழு விடுதலை கொடுத்த வழக்குகளும் உண்டு. திருட்டுக் கொடுத்தவர்களே புகார் தராமல் ஒதுங்கியதும் உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வங்கியாளர்களுடையது. கள்ள ஆவணம் தயாரிப்பதற்கு அன்று மரண தண்டனை. அந்தக் குற்றத்தால் நேரடியாக நஷ்டப்பட்டவர்கள் வங்கியாளர்கள். 1830-ல் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். தண்டனையைக் கூட்டச் சொல்லி அல்ல, மரண தண்டனையை நீக்கச் சொல்லி. தூக்கு என்று இருப்பதால் யாரும் குற்றம் சாட்ட முன்வருவதில்லை, ஜூரி தண்டிப்பதில்லை, எங்கள் சொத்துக்குப் பாதுகாப்பே இல்லை என்பது அவர்கள் குறை. இரக்கத்தால் எழுதிய மனுவல்ல அது. கணக்குப் பார்த்து எழுதியது.

ஆக, கடுமை என்ற திருகை முறுக்கினால் உறுதி என்ற திருகு தானாகத் தளரும். தண்டனை பெரிதாகப் பெரிதாக, அதைக் கொடுக்க வேண்டியவர்களின் கை நடுங்கும்.

இதைப் பெண்கள் மீதான வன்முறைக்குப் பொருத்திப் பாருங்கள். இருட்டில் பாய்ந்து வரும் முகம் தெரியாதவன் என்ற சித்திரம் நம் மனதில் இருக்கிறது. பதிவான வழக்குகள் வேறு கதை சொல்கின்றன. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விவரப்படி, பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், வேலை கொடுத்தவர். இங்கே முதல் ஜூரி நீதிமன்றத்தில் இல்லை, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சித்தப்பாவைத் தூக்குக்கு அனுப்பும் ஒரு வார்த்தையைச் சொல்லலாமா என்று ஒரு பிள்ளையும் அதன் தாயும் முடிவு செய்ய வேண்டும். சுற்றியுள்ள அத்தனை பேரும் "வாயை மூடு" என்பார்கள். குழந்தை உரிமை அமைப்புகளும் பெண்ணிய அமைப்புகளும் வல்லுறவுக்கு மரண தண்டனையைப் பல ஆண்டுகளாக எதிர்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டு வல்லுறவுக்குப் பின் நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையில் ஒரு குழு அமைந்தது. நாடே தூக்கு, தூக்கு என்று முழங்கிக்கொண்டிருந்த நேரம். சுமார் 80,000 கருத்துகளைப் பெற்று 29 நாளில் அறிக்கை கொடுத்த அந்தக் குழு, வல்லுறவுக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. அரசு அந்த இடத்தில் குழுவின் பேச்சைக் கேட்கவில்லை. 2013 சட்டத் திருத்தத்தில் சில வகைக் குற்றங்களுக்கு மரண தண்டனை சேர்ந்தது. 2018-ல் இன்னும் சில சேர்ந்தன. 2020-ல் வங்கதேசமும் வல்லுறவுக்கு மரண தண்டனையைக் கொண்டுவந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1748-லேயே பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூ அதைச் சுட்டிக்காட்டினார். வழிப்பறிக்கும் கொலைக்கும் வெவ்வேறு தண்டனை உள்ள நாட்டில் திருடர்கள் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே தண்டனை உள்ள நாட்டில் ஆளையும் கொன்றுவிடுகிறார்கள், செத்தவன் சாட்சி சொல்ல மாட்டான் என்பதால். குற்றம் செய்யத் தொடங்கிவிட்டவன்கூட அதைவிடப் பெரியதைச் செய்யாமல் நிற்க ஒரு காரணம் இருக்க வேண்டும். அதற்காகத் தண்டனையில் படிகள் வைப்பதைப் 'படிநிலைத் தடுப்பு' என்று சொல்லலாம். வல்லுறவுக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்று ஆக்கினால் அந்தப் படி உடைகிறது. உடைந்தால் நஷ்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

மரண தண்டனை பற்றி ஒரு குறிப்பு

1975-ல் ஐசக் எர்லிக் என்ற பொருளாதார அறிஞர், ஒவ்வொரு தூக்கும் ஏறக்குறைய எட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். பெரிய பரபரப்பு. அதே தரவில் சில ஆண்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த விளைவு காணாமல் போகிறது என்று மற்றவர்கள் காட்டினார்கள். முப்பத்தைந்து ஆண்டு சண்டைக்குப் பின் 2012-ல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகத்தின் குழு மொத்த ஆய்வுகளையும் பரிசீலித்தது. மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்யவில்லையா என்று இந்த ஆய்வுகளை வைத்துச் சொல்லவே முடியாது, கொள்கை முடிவுகளுக்கு இவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்றது அந்தக் குழு. கனடா 1976-ல் கொலைக்கான மரண தண்டனையை நீக்கியது. அதன்பின் அங்கே கொலை விகிதம் ஏறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். காலப்போக்கில் அது இறங்கியது. தூக்கு உள்ள அமெரிக்காவிலும் தூக்கு இல்லாத கனடாவிலும் கொலை விகிதத்தின் ஏற்ற இறக்கங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே போகின்றன.

நமக்குத் தெரிந்தது எத்தனை?

உறுதிதான் முக்கியம் என்றால், உறுதி எவ்வளவு இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். நூறு குற்றம் நடந்தால் எத்தனைக்குத் தண்டனை? இந்தக் கணக்கில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது.

ஒரு மருத்துவமனையின் பதிவேட்டைப் பாருங்கள். இந்த மாதம் காய்ச்சல் என்று 500 பேர் வந்தார்கள். அப்படியானால் ஊரில் 500 பேருக்குத்தான் காய்ச்சலா? இல்லை. வீட்டிலேயே படுத்துக் குணமானவர்கள், வர வழியில்லாதவர்கள், மருத்துவர் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் எவரும் அந்த ஏட்டில் இல்லை. காவல்துறையின் ஏடும் இதுபோலத்தான். நடந்தும் பதிவாகாமல் போகும் குற்றங்களை 'மறைந்த எண்ணிக்கை' என்கிறார்கள்.

எல்லாக் குற்றத்துக்கும் மறைந்த எண்ணிக்கை உண்டு. வண்டி திருட்டுப் போனால் காப்பீட்டுக்காகவாவது புகார் கொடுப்பார்கள், அதனால் அங்கே அது சிறியது. கணவன் அடித்ததற்கு எந்தக் காப்பீடும் இல்லை. ஐக்கிய நாடுகள் அவை தொகுத்த பல நாட்டுத் தரவுகளின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களே யாரிடமாவது உதவி கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களிலும் காவல்துறையிடம் போனவர்கள் 10 சதவீதத்துக்கும் கீழ். மீண்டும் ஒருமுறை படியுங்கள்: பாதிக்கப்பட்டவர்களில் பத்து சதவீதம் அல்ல, உதவி கேட்டவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவு.

அப்புறம் புகார் கொடுத்தாலும் வழக்கு ஒழுகும் குழாய்தான். பதிவு செய்ய மறுப்பு, சமரசப் பேச்சு, சாட்சி பின்வாங்கல், ஆதாரம் தொலைதல், ஆண்டுக்கணக்கில் வாய்தா. ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொட்டிப்போய், கடைசியில் குழாய் வாயில் சொட்டுவதுதான் தண்டனை. இந்தக் கசிவுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'வழக்குத் தேய்வு'. தண்டனையின் கடுமை என்பது குழாயின் கடைசி வாயில் மட்டும் நடக்கும் மாற்றம். தண்ணீர் கொட்டுவதோ முதல் மூட்டில்.

இதிலிருந்து வரும் ஒரு முடிவு பலருக்கு விசித்திரமாகப் படும். பதிவான குற்றம் கூடுவது சில சமயம் நல்ல செய்தி.

இந்தியாவில் 1993-க்குப் பிறகு உள்ளாட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எல்லா மாநிலங்களும் ஒரே ஆண்டில் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அந்தக் கால வேறுபாட்டைப் பயன்படுத்தி லட்சுமி ஐயரும் மூன்று சக ஆய்வாளர்களும் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒதுக்கீடு வந்த பிறகு பெண்களுக்கு எதிரான குற்றப் பதிவுகள் நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தன. பெண்கள் பதவிக்கு வந்ததால் வன்முறை கூடிவிட்டதா? மறைக்க முடியாத குற்றமான கொலையை அவர்கள் தனியாகப் பார்த்தார்கள். அதில் அப்படியொரு ஏற்றம் இல்லை. பெண்கள் புகார் கொடுக்கத் துணிந்ததும், காவலர்கள் அதைப் பதிய முன்வந்ததுமே முக்கியக் காரணம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதாவது உறுதி என்ற திருகு கொஞ்சம் முறுகியிருக்கிறது.

நாடுகளை ஒப்பிடும்போதும் இதே பள்ளம் காத்திருக்கிறது. ஸ்வீடனில் வல்லுறவு விகிதம் மிக அதிகம் என்று அடிக்கடி சமூக ஊடகங்களில் ஒரு பட்டியல் சுற்றும். அங்கே ஒரு பெண் தன் துணைவன் ஓராண்டாகப் பலமுறை வல்லுறவு செய்தான் என்று புகார் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் தனிக் குற்றமாகப் பதிவாகும். பல நாடுகளில் அது ஒரே வழக்கு. வல்லுறவு என்பதன் சட்ட வரையறையையும் ஸ்வீடன் 2005-ல் விரித்தது. 2018-ல் சம்மதத்தை மையமாக வைத்துச் சட்டத்தை மாற்றியது. எண்ணும் முறை வேறாக இருக்கும்போது எண்களை வரிசையாக அடுக்கி என்ன பயன்?

அப்படியானால் உண்மை அளவை எப்படித்தான் அறிவது? ஏட்டைப் பார்க்காமல் ஆட்களைக் கேட்பது ஒரு வழி. அதிலும் எப்படிக் கேட்கிறோம் என்பதுதான் எல்லாம். "நீங்கள் குடும்ப வன்முறைக்கு ஆளானவரா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள், அவர்கள் மனதில் அது வன்முறை என்ற பெயரிலேயே இல்லை. அதனால் செயலைக் கேட்பார்கள்: அறைந்தாரா, தள்ளினாரா, கழுத்தை நெரித்தாரா, விருப்பமில்லாதபோது உறவுக்குக் கட்டாயப்படுத்தினாரா? உலகச் சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையில் நடந்தது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் பேசுவது, தனிமையில் பேசுவது, வெளியே ஆய்வின் பெயரைப் பெண்கள் நலம் பற்றியது என்று சொல்வது, யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்றிவிடுவது என்று விதிகள் வைத்திருந்தார்கள். கேள்வி கேட்டதற்காகவே அன்றிரவு அந்தப் பெண் அடிவாங்கக் கூடாது அல்லவா?

இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளைத் தொகுத்து அந்த நிறுவனம் 2021-ல் சொன்ன எண்: உலகில் மூன்றில் ஒரு பெண், சுமார் 73 கோடிப் பேர், வாழ்நாளில் ஒருமுறையாவது துணைவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கோ, மற்றவரின் பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறார். இதைக் காவல்துறை ஏடுகளோடு வைத்துப் பார்த்தால் மறைந்த எண்ணிக்கையின் அளவு புரியும்.

இங்கே ஒரு மூச்சு விடலாம். பதிவான குற்றமும் நடந்த குற்றமும் ஒன்றல்ல. "சட்டம் வந்த பிறகும் வழக்குகள் கூடிவிட்டன, சட்டம் தோற்றது" என்பதும், "வழக்குகள் குறைந்துவிட்டன, சட்டம் வென்றது" என்பதும் இந்த ஒரு காரணத்தாலேயே அவசரப் பேச்சு.

வீட்டுக்குள் நடப்பது ஏன் வேறு மாதிரி

வங்கியைக் கொள்ளையடிப்பவனுக்கு அது வாழ்க்கையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ. பிடிபடும் வாய்ப்பு எவ்வளவு என்று அவன் ஊகிக்கத்தான் முடியும். மனைவியை அடிப்பவன் ஊகிப்பதில்லை, கற்றுக்கொள்கிறான். முதல் அடிக்கு எதுவும் நடக்கவில்லை. பத்தாவது அடிக்கும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டது, கதவைச் சாத்திக்கொண்டார்கள். சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவன் அனுபவத்தில் உறுதி என்பது சுழியம். புத்தகத்தில் மூன்று ஆண்டை ஏழாக்கினாலும் சுழியத்தால் பெருக்கினால் சுழியம்தான்.

சரி, அந்த அனுபவத்தை உடைத்தால்? புகார் வந்த உடனே ஆளைக் கைது செய்தால்? இந்தக் கேள்விக்குக் குற்றவியலின் பெயர்பெற்ற சோதனை ஒன்று உண்டு. 1981–82-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் லாரன்ஸ் ஷெர்மனும் ரிச்சர்ட் பெர்க்கும் அதை நடத்தினார்கள். சிறிய அளவிலான தாக்குதல் வழக்குகளில் என்ன செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல, நிறம் மாறிவரும் படிவங்களை வைத்து முடிவு செய்தார்கள்: கைது, அல்லது ஆளை எட்டு மணி நேரம் வெளியே அனுப்புவது, அல்லது அறிவுரை. 314 வழக்குகள். ஆறு மாதத்தில் காவல்துறைப் பதிவின்படி மறுபடி வன்முறை: கைதானவர்களில் 10 சதவீதம், அறிவுரை கேட்டவர்களில் 19, வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24.

தெளிவான விடை என்று தோன்றியது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் கட்டாயக் கைதுச் சட்டங்களுக்குப் போயின. பிறகு அதே சோதனையை மற்ற நகரங்களில் நடத்தினார்கள்; விடை குழம்பியது. சில இடங்களில் கைது பலன் தந்தது. மில்வாக்கி போன்ற இடங்களில், வேலையும் குடும்பப் பிணைப்பும் உள்ளவர்கள் கைதுக்குப் பிறகு அடங்கினார்கள். வேலையில்லாதவர்கள் இன்னும் மூர்க்கமானார்கள். இழக்க ஒன்றும் இல்லாதவனுக்கு ஓர் இரவு லாக்கப் அவமானமாகப் படவில்லை, ஆத்திரமாகப் பட்டது போலிருக்கிறது. எல்லா நகரங்களின் தரவையும் 2001-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது கைதுக்குச் சிறிய நல்ல விளைவு தெரிந்தது. சிறியதுதான்.

இதோடு முடியவில்லை. மில்வாக்கி சோதனையில் இருந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று 23 ஆண்டுகள் கழித்து ஷெர்மனும் ஹீதர் ஹாரிஸும் தேடிப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான முடிவு யாரும் எதிர்பாராதது. துணைவன் கைதான பெண்களில் மரண விகிதம், எச்சரிக்கையோடு விடப்பட்டவர்களின் துணைவிகளைவிட 64 சதவீதம் அதிகம். கொலையால் அல்ல, பெரும்பாலும் இதயநோய் போன்ற சாதாரணக் காரணங்களால். ஒரே நகரத்தின் தரவு இது, அதைக்கொண்டு "கைது கூடாது" என்று கிளம்பிவிடக் கூடாது. ஆனால் தண்டனை என்பது குற்றவாளியின் தலையில் மட்டும் இறங்குவதில்லை, அதே வீட்டில் வாழ்பவர் தலையிலும் இறங்குகிறது என்பதை மறக்கவிடாத எண் இது. அவன் சிறைக்குப் போனால் வாடகை யார் கட்டுவது, வெளியே வந்ததும் யார் மேல் பாய்வான் என்பது புகார் கொடுக்கும் முன்பே அவள் போடும் கணக்கு. அந்தக் கணக்கை மாற்றுவது தங்க இடமும் வருமானமும் பாதுகாப்பு உத்தரவும்தான். தண்டனை ஆண்டுகளைக் கூட்டினால் அந்தக் கணக்கு இன்னும் மோசமாகலாம்.

ஒன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் சம்பவங்களை எண்ணும்: இந்தத் தேதி, இந்த அடி, இந்தக் காயம். ஆனால் வீட்டு வன்முறையில் பெரும்பகுதி சம்பவமாக இருப்பதில்லை. போனைப் பறிப்பது, பணத்தை அளந்து கொடுப்பது, யாரோடு பேசலாம் என்று விதிப்பது என்று நாள்முழுக்க ஓடும் ஒரு பிடி. ஆய்வாளர் எவன் ஸ்டார்க் இதை 'கட்டுப்பாட்டு வன்முறை' என்று விளக்கினார்; இங்கிலாந்தும் வேல்ஸும் 2015-ல் இதைத் தனிக் குற்றமாக்கின. அதற்கு முன்பு இந்தப் பிடியை முழுதாகப் பிடிக்கச் சட்டத்தில் நேரான கைப்பிடி இல்லை. பெயரே இல்லாத குற்றத்துக்கு உறுதி எங்கிருந்து வரும்?

சின்னத் தண்டனை, தப்பாத தண்டனை

உறுதியையும் விரைவையும் நிஜமாகவே முறுக்கிப் பார்த்தவர்கள் உண்டா? உண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் 2005-ல் ஒரு திட்டம் தொடங்கியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்கள், குடியோடு தொடர்புள்ள மற்ற வழக்குகளில் சிக்கியவர்கள் ஆகியோருக்கு நீதிமன்றம் ஒரு நிபந்தனை வைக்கும்: குடிக்கக் கூடாது. நிபந்தனை பழையதுதான், எல்லா ஊர் நீதிமன்றமும் வைப்பது. சரிபார்த்த முறைதான் புதிது. தினமும் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை நேரில் வந்து மூச்சுக்கருவியில் ஊத வேண்டும். குடித்திருந்தால் உடனே சிறை. எத்தனை ஆண்டு? ஆண்டெல்லாம் இல்லை, ஒரு நாளோ இரண்டு நாளோ. வராவிட்டாலும் அதேதான்.

2010-க்குள் 17,000-க்கும் மேற்பட்டோர் இதில் இருந்தார்கள். கொடுக்க வேண்டிய சோதனைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் சரியான நேரத்துக்கு வந்து குடிக்காமல் ஊதினார்கள். போ கில்மரும் குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, திட்டம் வந்த மாவட்டங்களில் குடித்து ஓட்டி மறுபடி கைதாவது 12 சதவீதம் குறைந்தது. கூடவே குடும்ப வன்முறைக் கைதுகளும் 9 சதவீதம் குறைந்தன. வண்டிக்காகப் போட்ட விதி வீட்டுக்குள்ளும் எட்டிப்பார்த்திருக்கிறது.

முன்பு சொன்ன பாடத்தை இங்கேயும் மறக்கக் கூடாது: கைதுகளைத்தான் எண்ணினார்கள், அடிகளை அல்ல. இதே போல 'சிறிது, உடனே, நிச்சயம்' என்ற சூத்திரத்தில் ஹவாயில், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர்களுக்கு நடத்திய திட்டம் முதலில் அமோகம் என்றார்கள். நான்கு வேறு இடங்களில் திரும்பச் செய்து 2016-ல் முடிவு வந்தபோது அந்த அமோகத்தைக் காணோம். குடித்தால்தான் கை நீட்டுகிறான் என்கிற ஆளுக்கு மூச்சுக்கருவி உதவலாம். குடிக்காமலே அடிப்பவனுக்கு அது எதற்கு?

தெற்கு டகோட்டா திட்டத்தில் தண்டனைச் சட்டத்தின் ஒரு வரியைக்கூடக் கடுமையாக்கவில்லை. காலையிலும் மாலையிலும், விடுமுறை நாள் உட்பட, ஒருவர் மேசையில் கருவியோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது, பக்கத்தில் ஒரு காலி அறை இருக்க வேண்டியிருந்தது. சட்டமன்றத்தில் கைதட்டல் வாங்கும் சமாச்சாரம் அல்ல இது. சம்பளப் பட்டியலில் வரும் செலவு.